அடுத்த நெருக்கடியில் ஐரோப்பா உடையுமா, இறுகுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். 2010-ல் கிரீஸ் தடுமாறியபோது யூரோவின் கதை முடிந்தது என்றார்கள், முடியவில்லை. 2020-ல் கொரோனா வந்தபோது ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து கடன் வாங்கின, இனி ஐரோப்பா ஒரே நாடு மாதிரி ஆகிவிடும் என்றார்கள், அதுவும் நடக்கவில்லை. அப்படியானால் அடுத்த பெரிய பொருளாதார நெருக்கடியில் ஐரோப்பிய ஒன்றியம் உடையுமா, இன்னும் இறுகுமா? கடைசி வரியில், மூனிக்கில் வேலை பார்க்கும் உங்கள் தம்பியின் சேமிப்பை ஊருக்கு அனுப்பிவிடச் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்களை உண்மையில் அரிக்கும் கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பதில் சொல்லவே முதல் கேள்வியை ஒரு சுற்றுச் சுற்றித்தான் வரவேண்டும்.

நான் பிராங்பர்ட்டில் ஒரு வங்கியின் அரசுக் கடன் பத்திரப் பிரிவில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். எந்த அரசாங்கம் என்ன வட்டிக்குக் கடன் வாங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் பிழைப்பு. அரசியல் படித்தவன் இல்லை. அதனால் கீழே பணத்தைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் நம்பிக்கையோடும், வாக்காளர்களைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடும் படியுங்கள். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2012 வசந்தத்தில், ஒரு வருடத்துக்குள் கிரீஸ் யூரோவை விட்டு வெளியேறிவிடும் என்று சக ஊழியர் ஒருவரிடம் ஒரு பெட்டி பீர் பந்தயம் கட்டித் தோற்றவன் நான்.

பிரச்சினையின் வேர் 1992-ல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தில் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே நாணயம், ஒரே மத்திய வங்கி. ஆனால் வரி, செலவு, கடன் எல்லாம் அவரவர் பாடு. பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, கடன் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஒரு நாட்டின் கடனை இன்னொரு நாடு ஏற்காது. மத்திய வங்கி அரசாங்கத்துக்கு நேரடியாகக் கடன் கொடுக்காது. ஜெர்மனி தன் பழைய நாணயமான மார்க்கை விட்டுக்கொடுக்கக் கேட்ட விலை இது. சொந்த நாணயம் இருந்தால், கஷ்டம் வரும்போது அதன் மதிப்பைக் குறைத்து ஏற்றுமதியைத் தூக்கி நிறுத்திக்கொள்ளலாம். அந்த வழி அடைபட்டது. அதற்குப் பதிலாக ஒரு பொதுக் கஜானா வேண்டுமே? அமெரிக்காவில் 2008-ல் நெவாடாவில் வீட்டு விலை சரிந்தபோது அங்குள்ள முதியோர் பென்ஷனும் வங்கி டெபாசிட்டுக்கான காப்புறுதியும் வாஷிங்டனிலிருந்து வந்தன. நெவாடா மாநிலம் தன் வங்கிகளைத் தானே காப்பாற்ற வேண்டியிருக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்ஜெட்டோ உறுப்பு நாடுகளின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். ஒரே நாணயத்துக்குப் போவதென்றால் ஆரம்பக் கட்டத்திலேயே பொது பட்ஜெட் 5 முதல் 7 சதவீதமாவது வேண்டும் என்று 1977-லேயே ஒரு நிபுணர் குழு கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தது. கணக்கு தெரியாமல் கட்டிய வீடு இல்லை இது. தெரிந்தே பாதியில் விட்ட வீடு.

மீதிப் பாதி தானாக வளரும் என்று நம்பினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ழான் மோனே காலத்திலிருந்தே, ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில் ஓடும் எண்ணம் அது: ஐரோப்பா நெருக்கடிகளில்தான் உருவாகும், ஒவ்வொரு நெருக்கடிக்கும் ஒரு தீர்வு, தீர்வுகளின் கூட்டுத்தொகைதான் ஐரோப்பா. இது எவ்வளவு தூரம் உண்மை என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. என் அனுபவத்தில் இது பாதி உண்மை. எந்தப் பாதி என்று சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிரீஸின் பத்தாண்டுப் பத்திரத்துக்கும் ஜெர்மனியின் பத்தாண்டுப் பத்திரத்துக்கும் வட்டியில் பெரிய வித்தியாசமே கிடையாது. 90-களின் தொடக்கத்தில் 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்துக் கடன் வாங்கிய நாடு, யூரோவுக்குள் வந்ததும் ஜெர்மனிக்குக் கிடைக்கும் வட்டியிலேயே வாங்கிக் குவித்தது. கொடுத்தது யார்? பெரும்பகுதி பிரெஞ்சு, ஜெர்மன் வங்கிகள். ஒருவர் கடனை இன்னொருவர் ஏற்கமாட்டார் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததை நாங்கள் யாரும் நம்பவில்லை என்பதுதான் உண்மை. நெருக்கடியில் எப்படியும் ஏற்பார்கள் என்று நினைத்தோம். ஒரு விதத்தில் சரியாகத்தான் நினைத்திருக்கிறோம், ஆனால் எவ்வளவு தாமதமாக, எவ்வளவு வலியோடு என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

2009 அக்டோபரில் ஏதென்ஸில் புதிய அரசாங்கம் வந்து கணக்கைத் திறந்து பார்த்தது. 6 சதவீதம் என்று சொல்லப்பட்டிருந்த பற்றாக்குறை 12 சதவீதத்துக்கு மேல் என்றது. பின்னால் அது 15-ஐத் தாண்டியது. 2010 மே மாதம் 11,000 கோடி யூரோ உதவி, அதில் 3,000 கோடி சர்வதேச நாணய நிதியத்தின் (ஐஎம்எஃப்) பங்கு. அந்தப் பணம் கிரேக்கர்களின் கைக்குப் போனதாகத்தான் ஜெர்மன் பத்திரிகைகளைப் படித்தவர்கள் நினைத்தார்கள். பெரும்பகுதி போனது முன்பு கடன் கொடுத்தவர்களுக்கு, அதாவது எங்களைப் போன்ற வங்கிகளுக்கு. கடனைக் குறைத்து எழுதவேண்டியதை 2012 மார்ச் வரை தள்ளிப்போட்டார்கள். அதற்குள் தனியார் வங்கிகள் தங்கள் பங்கைக் கணிசமாகக் குறைத்துக்கொண்டுவிட்டன. அப்புறம்தான் மிச்சம் வைத்திருந்தவர்களுக்கு முகமதிப்பில் பாதிக்கு மேல் வெட்டு. முதல் திட்டத்தில் தவறுகள் நடந்தன, சிக்கன நடவடிக்கைகளின் பாதிப்பைக் குறைத்து மதிப்பிட்டோம் என்று ஐஎம்எஃப் 2013-ல் தானே ஒப்புக்கொண்டது. அதற்குள் கிரீஸின் பொருளாதாரத்தில் நாலில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. வேலையின்மை 27 சதவீதம். போரில்லாத காலத்தில் ஒரு பணக்கார நாட்டுக்கு இப்படி நேர்வது அபூர்வம்.

2012 ஜூலை 26-ஐ என்னால் மறக்கமுடியாது. அந்த வாரம் ஸ்பெயினின் பத்தாண்டு வட்டி ஏழரை சதவீதத்தைத் தொட்டிருந்தது. எங்கள் அறையில் யாரும் மதியம் சாப்பிடப் போவதில்லை. திரையில் சிவப்பைப் பார்த்துக்கொண்டே சாண்ட்விச். லண்டனில் ஏதோ ஒரு முதலீட்டாளர் கூட்டத்தில் ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவர் மரியோ திராகி பேசுகிறார் என்பதைக்கூடப் பாதிப் பேர் கவனிக்கவில்லை. யூரோவைக் காப்பாற்ற எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டு எதுவானாலும் செய்வோம், நம்புங்கள், அது போதுமானதாக இருக்கும் என்றார். சில நிமிடங்களில் எண்கள் திரும்பத் தொடங்கின. செப்டம்பரில் அதற்கென்று ஒரு திட்டமும் அறிவித்தார்கள்: நிபந்தனைகளோடு, தேவைப்பட்டால் ஒரு நாட்டின் பத்திரங்களை வரம்பில்லாமல் வாங்குவோம் என்று. அந்தத் திட்டத்தில் இன்றுவரை ஒரு யூரோகூடச் செலவழிக்கப்படவில்லை. சொன்ன சொல்லே வேலையை முடித்துவிட்டது.

இதைச் சாகசக் கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. அதுவரை இரண்டு வருடமாகப் பிரதமர்கள் விடிய விடிய மாநாடு நடத்தியும் செய்யமுடியாததை, யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத ஒருவர் ஒரு பேச்சில் செய்துவிட்டார். எந்த நாடாளுமன்றத்திலும் வாக்கெடுப்புத் தேவைப்படவில்லை. ஐரோப்பா நெருக்கடியில் இறுகும் பாதி இதுதான்: வாக்காளரிடம் கேட்காமல் செய்யக்கூடிய பாதி.

கேட்டே ஆகவேண்டிய மற்றப் பாதி எப்படி இருக்கும் என்பதை 2015 ஜூலை முதல் வாரம் ஏதென்ஸில் பார்த்தேன். வேலை விஷயமாக நான்கு நாள் போயிருந்தேன். ஐரோப்பிய மத்திய வங்கி கிரேக்க வங்கிகளுக்கு அவசரகாலக் கடனை அதற்கு மேல் உயர்த்தமாட்டோம் என்று நிறுத்திவிட்டது. ஜூன் 29 முதல் வங்கிகள் மூடல். ஏடிஎம்-மில் ஒரு நாளைக்கு 60 யூரோதான். அதிலும் 20 யூரோத் தாள்கள் தீர்ந்துபோன இயந்திரங்களில் 50-தான் வரும். நான் தங்கியிருந்த தெருமுனையில் ஓர் ஏடிஎம். காலை ஏழு மணிக்கே இருபது பேர். யாரும் சத்தம் போடவில்லை. ஒரு பெரியவர் மடக்கு நாற்காலி கொண்டுவந்து உட்கார்ந்திருந்தார். என் முறை வந்தது. என்னிடம் இருந்தது ஜெர்மன் வங்கி அட்டை. அந்த 60 யூரோக் கட்டுப்பாடு வெளிநாட்டு அட்டைகளுக்குக் கிடையாது. 200 யூரோ எடுத்தேன். இயந்திரம் தாள்களை எண்ணும் சத்தம் வழக்கத்தைவிட நீளமாகக் கேட்டது. பின்னால் இருந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. மறுநாளிலிருந்து நானும் 50-தான் எடுத்தேன், அதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை என்று தெரிந்தும்.

யூரோ மண்டலத்தின் பிரச்சினை முழுவதும் அந்த ஏடிஎம்-மில் இருந்தது. தாள் ஒன்றுதான். ஆனால் கிரேக்க வங்கியில் இருக்கும் ஒரு யூரோவும் ஜெர்மன் வங்கியில் இருக்கும் ஒரு யூரோவும் ஒன்றல்ல, ஏனென்றால் அந்த வங்கிக்குப் பின்னால் நிற்கும் அரசாங்கம் வேறு. பழைய யூரோத் தாள்களில் வரிசை எண்ணின் முன்னால் இருக்கும் எழுத்து எந்த நாட்டு மத்திய வங்கிக்கானது என்று காட்டும். எக்ஸ் என்றால் ஜெர்மனி, ஒய் என்றால் கிரீஸ். அந்த நாட்களில் எங்கள் அலுவலகத்தில் சிலர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து எழுத்தைப் பார்ப்பார்கள். விளையாட்டுக்குத்தான். சட்டப்படி அதற்கு ஓர் அர்த்தமும் கிடையாது. ஆனாலும் பார்த்தார்கள்.

ஜூலை 5 பொதுவாக்கெடுப்பில் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளுக்கு 61 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். எட்டே நாளில், பதினேழு மணி நேர மாநாட்டுக்குப் பிறகு, அதே அரசாங்கம் அதைவிடக் கடுமையான நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டது. கிரீஸ் தற்காலிகமாக யூரோவிலிருந்து விலகி இருக்கட்டும் என்ற யோசனையை ஜெர்மன் நிதியமைச்சகம் காகிதத்திலேயே எழுதி மேசையில் வைத்திருந்தது. ஆக, உடைவதற்கான எல்லாமும் ஒரே வாரத்தில் கூடி வந்தன: மூடிய வங்கிகள், எதிர்ப்பு வாக்கு, வெளியே தள்ளத் தயாரான, கடன் கொடுத்த நாடு. அப்படியும் உடையவில்லை. என் பந்தயம் ஏன் தோற்றது என்று எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. கிரேக்கர்கள் வெறுத்தது சிக்கன நடவடிக்கையை, யூரோவை அல்ல. கருத்துக் கணிப்புகளில் பெரும்பான்மை எப்போதும் யூரோவோடு இருக்கவேண்டும் என்றே சொன்னது. பலருக்கு யூரோவுக்கு முந்தைய கிரேக்க நாணயமான திராக்மா என்றால் ஞாபகம் வந்தது விலைவாசிதான். தவிர, யூரோவை விட்டுப் போக ஒப்பந்தத்தில் கதவே இல்லை. ஒன்றியத்தை விட்டுப் போக வழி உண்டு, பிரிட்டன் அப்படித்தான் போனது. ஆனால் பிரிட்டனிடம் சொந்தப் பவுண்ட் இருந்தது, மூன்றரை வருடம் இழுத்துப் பறித்துப் போகமுடிந்தது. யூரோவை விடுவதென்றால் ஒரு வார இறுதிக்குள் செய்யவேண்டும். வெள்ளிக்கிழமை மாலை வதந்தி கிளம்பினாலே சனிக்கிழமை காலைக்குள் வங்கிகள் காலி.

எனவே நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: சந்தை மட்டும் யூரோவை உடைக்காது. ஐரோப்பிய மத்திய வங்கி ஒரு நாட்டின் பக்கம் நிற்கத் தயாராக இருக்கும்வரை, அந்த நாட்டுப் பத்திரங்களுக்கு எதிராகப் பந்தயம் கட்டுகிறவன் தோற்பான். நான் இருபுறமும் பார்த்துவிட்டேன். 2020 மார்ச் 12 அன்று அடுத்த தலைவர் கிறிஸ்டின் லகார்ட், நாடுகளுக்கு இடையிலான வட்டி வித்தியாசத்தைக் குறைப்பது எங்கள் வேலையில்லை என்று ஒரு வாக்கியம் சொன்னார். அன்றே இத்தாலியின் வட்டி துள்ளியது. ஆறு நாளில் 75,000 கோடி யூரோ வாங்கும் திட்டத்தை அறிவித்துத்தான் அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற முடிந்தது.

2012-க்குப் பிறகு கட்டியவற்றைப் பாருங்கள், எல்லாவற்றிலும் ஒரே சாயல். 50,000 கோடி யூரோ கடன் கொடுக்கும் திறனோடு நிரந்தர மீட்பு நிதி வந்தது. 2014 நவம்பரிலிருந்து பெரிய வங்கிகளை பிராங்பர்ட்டில் இருக்கும் ஐரோப்பிய மத்திய வங்கி நேரடியாகக் கண்காணிக்கிறது. விழும் வங்கியை மூட ஒரு பொது அமைப்பு வந்தது. இவை எல்லாம் நல்லவை, வேலை செய்கின்றன. ஆனால் டெபாசிட்டுக்குப் பொதுக் காப்புறுதி வேண்டும் என்ற முன்மொழிவு 2015 நவம்பரில் வந்து இன்றுவரை கிடப்பில் இருக்கிறது. ஜெர்மன் சேமிப்பு வங்கிகள் தங்கள் பணம் இத்தாலிய வங்கிக்குப் போகும் என்று பயப்படுகின்றன. குழாய்களை இணைத்துவிட்டார்கள், தண்ணீர்த் தொட்டியை இணைக்கவில்லை. 2013 மார்ச்சில் சைப்ரஸில் என்ன நடந்தது என்பதை மறந்தவர்களுக்குத்தான் இது சின்ன விஷயமாகத் தெரியும். அங்கே முதலில் போட்ட திட்டத்தில் ஒரு லட்சம் யூரோவுக்குக் கீழே, அதாவது உத்தரவாதம் உள்ள டெபாசிட்டிலேயே கை வைத்தார்கள். நாடாளுமன்றம் நிராகரித்த பிறகுதான் அந்த வரம்புக்கு மேலே உள்ளவர்களோடு நிறுத்தினார்கள்.

சரி, 2020-க்கு வருவோம். அது விதிவிலக்கு மாதிரி தெரியும். 2012-ல், தான் உயிரோடு இருக்கும்வரை பொதுக் கடன் பத்திரம் கிடையாது என்று சொன்னதாகச் செய்தி வந்த அப்போதைய ஜெர்மன் சான்சலர் அங்கேலா மெர்க்கல், 2020 மே 18 அன்று பிரெஞ்சு அதிபர் மக்ரோனோடு சேர்ந்து 50,000 கோடி யூரோ பொதுக் கடன் வாங்கி மானியமாகக் கொடுக்கலாம் என்றார். ஜூலையில் நான்கு பகல் நான்கு இரவு மாநாடு. நெதர்லாந்து, ஆஸ்திரியா, டென்மார்க், ஸ்வீடன் நான்கும் முறைத்துக்கொண்டு நின்றன. முடிவில் 75,000 கோடி. அதில் 39,000 கோடி மானியம், 36,000 கோடி கடன். இத்தாலிக்கு மட்டும் சுமார் 19,000 கோடி. ஏன் இந்தத் தடவை முடிந்தது? நோய்க்கு யாரையும் குற்றம் சொல்லமுடியாது என்பது எல்லோரும் சொல்லும் காரணம். எனக்கு இன்னொரு காரணமும் முக்கியமாகப் படுகிறது. மே 5 அன்று ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் ஐரோப்பிய மத்திய வங்கியின் பழைய பத்திரக் கொள்முதலைக் கேள்வி கேட்டுத் தீர்ப்புக் கொடுத்தது. மத்திய வங்கியின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிடும் வழி இனி சட்டப்படி அடைபடலாம் என்ற பயம் வந்து பதிமூன்றாவது நாளில் மெர்க்கல் மாறினார். இது என் ஊகம்தான். ஆனால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தற்செயல் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்போது ஜெர்மன் நிதியமைச்சராக இருந்த ஓலாஃப் ஷோல்ஸ் இதை அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் ஹாமில்டன் செய்ததோடு ஒப்பிட்டார். 1790-ல் ஹாமில்டன் மாநிலங்களின் பழைய போர்க் கடனையெல்லாம் மத்திய அரசுக்கு மாற்றினார், அதைக் கட்ட வரி வருமானமும் இருந்தது. இங்கே பழைய கடன் ஒரு யூரோகூட மாறவில்லை. திட்டம் ஒரு முறைக்கு மட்டும் என்று எழுதி, 2026-ல் முடியும் என்று தேதியும் போட்டார்கள். வாங்கிய கடனை 2058-க்குள் அடைக்கவேண்டும், எந்த வருமானத்தில் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த ஒப்பீடு எனக்கு அப்போதே கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது.

நெருக்கடி வந்தால் ஐரோப்பா சேரும் என்பதற்கு எதிரான சாட்சிகளும் உண்டு, அவை சீக்கிரம் மறக்கப்படுகின்றன. அதே 2020 மார்ச்சில் இத்தாலி முகக்கவசம் கேட்டுத் தவித்தபோது ஜெர்மனி ஏற்றுமதியைத் தடை செய்தது, பிரான்ஸ் கையிருப்பை அரசுடைமையாக்கியது. 2022-ல் ரஷ்ய எரிவாயு நின்று யூரோ மண்டலப் பணவீக்கம் அக்டோபரில் 10 சதவீதத்தைத் தாண்டியது. அப்போதும் ஜெர்மனி யாரையும் கேட்காமல் 20,000 கோடி யூரோவுக்குச் சொந்தப் பாதுகாப்புத் திட்டம் அறிவித்தது. அவ்வளவு பணம் இல்லாத நாடுகள் கொதித்தன. பணமுள்ளவன் தன் தொழிற்சாலைக்கு மானியம் கொடுத்துக்கொண்டால், பொதுச் சந்தை என்று எதற்குப் பெயர்? முதல் சில வாரங்கள் அவரவர் கதவைச் சாத்திக்கொள்வதும், அப்புறம் வெட்கப்பட்டுத் திறப்பதும்தான் வழக்கமாக இருக்கிறது. திறப்பார்களா என்பது ஒவ்வொரு தடவையும் அப்போது ஆட்சியில் இருப்பவர்களைப் பொறுத்தது.

இனிமேல் சொல்வது சந்தேகத்துக்குரிய பகுதி. அடுத்த நெருக்கடி கிரீஸில் வராது என்று கிட்டத்தட்டச் சொல்லலாம். அதன் கடன் 2020-ல் உற்பத்தியில் 200 சதவீதத்துக்கு மேல் இருந்து 2024-ல் 155-க்கு அருகே இறங்கியிருக்கிறது. அந்தக் கடனில் பெரும்பகுதி ஐரோப்பிய மீட்பு நிதிகளிடம் நீண்ட தவணையில் இருப்பதால் சந்தையை நம்பியும் இல்லை. ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஜெர்மனியைவிட வேகமாக வளர்கின்றன. என் திரையில் இப்போது நெளிவது பிரான்ஸ். 2024-ல் அதன் பற்றாக்குறை 5.8 சதவீதம், கடன் 110-ஐத் தாண்டிவிட்டது, பட்ஜெட்டைத் தொட்டாலே அரசாங்கம் கவிழ்கிறது. 2025-ல் பிரான்ஸும் இத்தாலியும் ஏறக்குறைய ஒரே வட்டிக்குக் கடன் வாங்கும் நிலை வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

கிரீஸைத் தூக்கிவிடலாம். பிரான்ஸின் கடன் 3 லட்சம் கோடி யூரோவுக்கு மேல். மீட்பு நிதியின் 50,000 கோடி அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. மிச்சம் இருப்பது மத்திய வங்கிதான். 2022 ஜூலையில் அது ஒரு புதிய கருவி வைத்துக்கொண்டது: ஒரு நாட்டின் வட்டி காரணமில்லாமல் ஏறினால் பத்திரம் வாங்கும். ஆனால் அந்த நாடு ஒன்றியத்தின் நிதி விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடக்கவேண்டும். பிரான்ஸ் 2024 ஜூலையிலிருந்து அதிகப் பற்றாக்குறைக்கான நடவடிக்கையின் கீழ் இருக்கிறது. திருத்தத்துக்கு முயற்சி எடுக்கவில்லை என்று முடிவானால் தகுதி கேள்விக்குறியாகும். நாளை பாரிஸில் ஒரு புதிய அரசாங்கம் வந்து விதிகளைக் குப்பையில் போட்டு, அதனால் வட்டி ஏறினால், அது காரணமில்லாத ஏற்றமா? பிராங்பர்ட்டில் யாரைக் கேட்டாலும் பேச்சை மாற்றுவார்கள். காப்பாற்றினால் ஜெர்மனியில் அரசியல் வெடிக்கும். காப்பாற்றாவிட்டால் யூரோவே இல்லை. கடைசியில் காப்பாற்றுவார்கள் என்பது என் ஊகம். ஆனால் இந்தத் தடவை பீர் பந்தயம் கட்டமாட்டேன்.

இன்னொரு சந்தேகம் எல்லோரும் பார்க்கும் திசைக்கு எதிர்த்திசையில் இருக்கிறது. யூரோவை விட்டுப் போவது கடனில் மூழ்கிய நாடாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். ஆனால் 2017-ல் பிரான்சில் யூரோவை விட்டு வெளியேறுவோம் என்று பேசித் தோற்ற மரீன் லு பென் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். இத்தாலியிலும் ஆட்சிக்கு வந்த வலதுசாரிகள் அதைப் பேசுவதில்லை. சேமிப்பு யூரோவில் இருக்கும் வாக்காளரிடம் அந்தச் சரக்கு விற்காது. யூரோவை விட்டு விலகவேண்டும் என்று இன்னும் வெளிப்படையாகச் சொல்லும் பெரிய கட்சி கடன் கொடுத்த ஜெர்மனியில்தான் இருக்கிறது. யூரோ மீட்புத் திட்டங்களை எதிர்த்து 2013-ல் தொடங்கிய ஏஎஃப்டி, 2025 பிப்ரவரித் தேர்தலில் 20 சதவீதத்துக்கு மேல் வாங்கி இரண்டாவது இடத்துக்கு வந்தது. அதன் வளர்ச்சிக்கு முக்கியக் காரணம் குடியேற்றம்தான், யூரோ இல்லை. ஆனால் பிரான்ஸைத் தூக்கிவிடும் செலவு வந்து சேர்ந்தால் அந்தப் பழைய கோபம் திரும்ப எரியுமா என்பது வட்டி விகிதத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயமில்லை.

மறுபக்கம், இவ்வளவையும் பார்த்த பிறகும் 2023-ல் குரோஷியாவும் 2026 ஜனவரி 1-ல் பல்கேரியாவும் யூரோவுக்குள் வந்திருக்கின்றன. இப்போது 21 நாடுகள். வெளியே போன நாடு ஒன்றுகூட இல்லை. உக்ரைனுக்கான 9,000 கோடி யூரோ கடனுக்காக 2025 டிசம்பரில் மறுபடியும் ஒன்றியத்தின் பெயரில் பொதுக் கடன் வாங்க முடிவெடுத்தார்கள். ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, செக் குடியரசு மூன்றும் அந்தச் சுமையிலிருந்து விலகிக்கொண்டன. மற்றவர்கள் அவர்களை விட்டுவிட்டு முன்னால் போனார்கள். ஒரு முறைக்கு மட்டும் என்றது மறுபடியும் நடந்துவிட்டது. அடுத்த நெருக்கடியில் எல்லோரும் சேர்ந்து இறுகுவதைவிட, விருப்பமுள்ளவர்கள் மட்டும் உள்வட்டமாக இறுகி மற்றவர்கள் ஓரத்தில் நிற்பதற்கு வாய்ப்பு அதிகம் என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உண்மையிலேயே எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் மாநாட்டு அறிக்கைகளைப் படிக்காதீர்கள். 2028-லிருந்து 2034 வரைக்குமான பட்ஜெட் பேரத்தைப் பாருங்கள். கொரோனாக் கடனின் முதல் தவணை 2028-ல் தொடங்குகிறது, வருடத்துக்குச் சுமார் 2,400 கோடி யூரோ. அதைக் கட்ட ஒன்றியத்துக்கென்று சொந்த வரி ஏதாவது வருகிறதா, இல்லை வழக்கம்போல ஒவ்வொரு நாடும் முணுமுணுத்துக்கொண்டு சந்தா கட்டுகிறதா? சொந்த வரி வந்தால் தொட்டியை இணைக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். இதற்கு 27 நாடுகளின் ஒப்புதலும் வேண்டும் என்பதால் நான் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

இனி உங்கள் தம்பி விஷயம். ஜெர்மனியில் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஒரு லட்சம் யூரோ வரை சட்டப்படி உத்தரவாதம் உண்டு. அந்த உத்தரவாதத்துக்குப் பின்னால் நிற்பது ஜெர்மனி. நான் மேலே சொன்ன ஏடிஎம் வரிசையில் அவர் நல்ல அட்டையோடு நிற்கிற பக்கம். ஒரே வங்கியில் அந்த வரம்புக்கு மேல் வைத்திருந்தால் இரண்டு வங்கியாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். இது யூரோவுக்காக இல்லை, எந்த நாட்டிலும் செய்யவேண்டியதுதான். யூரோவுக்கும் ரூபாய்க்கும் உள்ள மாற்று விகிதம் எப்படிப் போகும் என்பது தனிக் கணக்கு. ஊரில் வீடு கட்டவோ நிலம் வாங்கவோ பணம் தேவைப்பட்டால் அனுப்பட்டும். யூரோ உடையப்போகிறது என்ற பயத்தில் அனுப்ப வேண்டாம்.